ஜப்பான்காரன் வண்டி

2013 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் நடுவே, பின்னால் திறந்த தொட்டி வைத்த ராம் என்ற பிக்கப் டிரக்குக்கு ஒரு விளம்பரம் வந்தது. இரண்டு நிமிடம் ஓடும். முழுக்க அசையாத புகைப்படங்கள்தான். பனி மூடிய வயலில் தனியாக ஒரு மாடு, தேவாலயம், வெயிலில் காய்ந்த முகங்கள், மண் ஏறிய கைகள். பின்னணியில் பால் ஹார்வி என்ற வானொலிக்காரரின் குரல். 1978ல் விவசாய மாணவர் அமைப்பின் மாநாட்டில் அவர் பேசியது அது. எட்டாம் நாள் கடவுள் தான் படைத்ததையெல்லாம் பார்த்தார், இதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார், விவசாயியைப் படைத்தார் என்று போகிறது பேச்சு. டிரக் அங்கங்கே தலைகாட்டும். எஞ்சின் திறன், இழுவை, விலை எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது.

அருமையான விளம்பரம். இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் ராமின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் இத்தாலியின் ஃபியட் கையில் இருந்தது. இப்போது அது ஸ்டெல்லாண்டிஸ், தலைமை அலுவலகம் நெதர்லாந்தில். ராமின் கனரக மாடல்கள் மெக்சிகோவின் சால்டில்யோவில்தான் தயாராகின்றன. அமெரிக்க வயல்களில் குனிந்து பழம் பறிக்கிறவர்களில் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அந்தப் படங்களில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்காக ராம் டிரக்கைக் குறை சொல்லவில்லை. நல்ல வண்டிதான். என் ஆதங்கம் வேறு. அந்த விளம்பரத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே மனிதர், டெக்சாஸில் டெக்சாஸ்காரர்கள் செய்த டொயோட்டா டண்ட்ராவைக் காட்டினால், "அது ஜப்பான்காரன் வண்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அறுபது வருஷக் கதை இதற்குப் பின்னால் இருக்கிறது. அதில் வரிச் சட்டம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, ஒரு கொலையும் இருக்கிறது.

நான் மிச்சிகனில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டெட்ராய்ட்டைச் சுற்றி நோவை, கேன்டன், ட்ராய் பக்கம் இருக்கிற தமிழர்களில் நிறையப் பேருக்கு இதுதான் பிழைப்பு. எங்கள் ஆலையில் இருக்கை முன்னும் பின்னும் நகர்வதற்கான எஃகுத் தடங்கள் செய்கிறோம். அமெரிக்கக் கம்பெனிக்கும் போகும், ஜப்பானியக் கம்பெனிக்கும் போகும். ஒரே பிரஸ், ஒரே எஃகுச் சுருள். ஷிஃப்ட் நடுவில் டை என்ற அச்சு மட்டும் மாறும், பெட்டியில் ஒட்டும் சீட்டு மாறும். காலையில் ஒரு டிரக்குக்குச் செய்த அதே கைகள்தான் மத்தியானம் அதன் போட்டி டிரக்குக்கும் செய்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் ஆலைக்கு மீட்டிங் போகிற அன்று மட்டும் ஒரு எழுதாத விதி உண்டு. புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையன் யாராவது தன் டொயோட்டா கேம்ரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பெரியவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள்: "தம்பி, எதுக்கு வம்பு? அவங்க வண்டி ஒண்ணை வாடகைக்கு எடுத்துட்டுப் போ." வம்பு என்பது சும்மா பேச்சில்லை. 2006ல் ஃபோர்டு தன் டியர்பார்ன் டிரக் ஆலையில், தன் குழுமத்து வண்டியில் வராத ஊழியர்கள் தள்ளியிருக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

வரிச் சட்டத்துக்கு வருகிறேன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாகப் போய் ஐரோப்பியச் சந்தையில் குவிந்தது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அதன் மேல் வரி போட்டன. பதிலுக்கு 1963 டிசம்பரில் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு டிரக் ஆகிய நான்கின் மேல் 25 சதவீத வரி விதித்தார். டிரக்கைச் சேர்த்ததற்குக் காரணம் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்கள். கோழிச் சண்டை தீர்ந்தது. மற்றப் பொருள்களின் வரியும் பிற்பாடு போனது. டிரக் வரி மட்டும் போகவில்லை. 2025 வரை ஆண்டுக்கணக்காகச் சாதாரணக் காருக்கு 2.5 சதவீதம், டிரக்குக்கு 25 என்றுதான் இருந்தது. ஜப்பானை மனதில் வைக்காமல் போட்ட வரி கடைசியில் ஜப்பானிய டிரக்கின் கழுத்தில் விழுந்தது.

இந்த வேலிக்குள்தான் டெட்ராய்ட்டின் அமெரிக்க வண்டிக் கம்பெனிகள் கொழுத்தன. சிறு கார்களில் ஜப்பானியர்களிடம் தோற்றுக்கொண்டே வந்த கம்பெனிகளுக்கு முழு அளவு பிக்கப் டிரக்தான் லாபம் தந்தது. அந்த லாபத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை கொடியும் கோதுமை வயலும் நாய்க்குட்டியும். விவசாயி மேல் இருக்கும் பாசத்தை நம்பி இத்தனை கோடிகளை யாரும் கொட்டுவதில்லை.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது 1972ல் நடந்தது. அந்த வருஷம் செவர்லே ஒரு குட்டி டிரக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது, பெயர் லவ். ஃபோர்டும் கூரியர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. லவ்வைச் செய்தது ஜப்பானின் இசுசு. கூரியரைச் செய்தது மாஸ்டா. 1979ல் கிரைஸ்லரின் டாட்ஜ் கொண்டுவந்த டி-50 (பின்னாளில் ராம் 50) மிட்சுபிஷி செய்தது. வரியிலிருந்து தப்பிக்க, பின்தொட்டி இல்லாமல் வெறும் கேபினும் சேஸி என்ற அடிச்சட்டமுமாகக் கப்பலில் இறக்குவார்கள். அப்படி வந்தால் 4 சதவீதம்தான். அமெரிக்க மண்ணில் தொட்டியை முடுக்கிவிட்டால் டிரக் தயார். 1980ல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அந்த வண்டிகளை வாங்கினவர்கள் யாரும் ஜப்பானிய உலோகம் மெல்லிசு, அதற்கு வலு இருக்காது என்று சொல்லவில்லை. முன்பக்கம் செவர்லே சின்னம் இருந்தது, அது போதும். பின்னாளில் காற்று திரும்பியும் அடித்தது. 1994லிருந்து மாஸ்டா பெயரில் விற்ற பி-சீரிஸ் டிரக் உள்ளுக்குள் ஃபோர்டு ரேஞ்சர்தான். இசுசு ஹோம்ப்ரே என்று வந்தது செவர்லே எஸ்-10. இரும்பைப் பார்த்து வந்த வெறுப்பாக இருந்தால் இந்த வண்டிகளெல்லாம் பெரிய குழப்பத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுபாரு பிராட் என்ற குட்டி வண்டியில் பின்தொட்டிக்குள்ளே பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தினார்கள். ஆள் உட்காரும் வண்டி, ஆகவே கார், ஆகவே 25 சதவீத வரி கிடையாது. 1978 மாடல் ஒன்றைக் கலிஃபோர்னியாவில் தன் பண்ணையில் வைத்து ஓட்டியவர் ரொனால்டு ரேகன்.

சரி, அந்தப் பத்தாண்டின் முடிவுக்கு வருவோம். 1979ல் எண்ணெய் விலை ஏறியது. பெரிய வண்டிகள் விற்காமல் தேங்கின. டெட்ராய்ட்டில் லட்சக்கணக்கில் வேலை போனது. வாகனத் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யூவின் வளாகத்தில், வெளிநாட்டு வண்டியை டோக்கியோவில் போய் நிறுத்து என்று பலகை வைத்தார்கள். ஜப்பானியக் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தாக்கிய முத்துத் துறைமுகத்தை (பேர்ல் ஹார்பர்) நினைவூட்டும் ஸ்டிக்கர்கள் பம்பர்களில் ஏறின. வேலை இழந்தவனின் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் ஒரே கடிதத்தில் போய்விடுகிறது. ஆனால் சிக்கனமான வண்டி செய்யாத முதலாளி மேல் போக வேண்டிய அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் வரைந்து கொடுத்தார்கள். ஆசிய முகம்.

1982 ஜூன் 19 இரவு, டெட்ராய்ட்டுக்குள்ளேயே இருக்கும் ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் தன் கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு கொண்டாடிக்கொண்டிருந்தார். வயது 27. சீன வம்சாவளி அமெரிக்கர். அங்கே இருந்த இரண்டு வெள்ளைக்காரர்களோடு தகராறு வந்தது. ஒருவர் கிரைஸ்லர் ஆலையின் மேற்பார்வையாளர். இன்னொருவர் அவருடைய மனைவியின் மகன், வேலை போன வண்டித் தொழிலாளி. உங்களால்தான் எங்களுக்கு வேலை போச்சு என்று அவர்கள் தரப்பில் கத்தியதாகச் சாட்சி சொன்னார்கள். வெளியே தேடிப் பிடித்து பேஸ்பால் மட்டையால் தலையில் அடித்தார்கள். நான்கு நாள் கழித்து ஜூன் 23ல் வின்சென்ட் இறந்தார். அடுத்த வருஷம் மிச்சிகன் நீதிமன்றம் கொடுத்த தண்டனை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம். பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. கொன்றதற்காக இருவரும் சிறைத் தண்டனை அனுபவிக்கவே இல்லை. தாய் லில்லி சின் 1987ல் சீனாவுக்கே திரும்பிப் போய்விட்டார்.

வின்சென்ட் சினுக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானியராக இருந்திருந்தால் மட்டும் நியாயமாகிவிடுமா என்ன? நான் வேலைக்குப் போகும் வழியிலிருந்து அந்த ஊர் தூரமில்லை. "இது எங்கள் நாட்டு வண்டி" என்று ஒரு விளம்பரம் உருக்கமாகச் சொல்லும்போதெல்லாம், அந்த "எங்கள்" என்பதில் யார் உள்ளே, யார் வெளியே என்று நான் கேட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இதற்குப் பிறகு வந்த விளம்பரங்களில் ஜப்பான் என்ற பெயரே இருக்காது. தேவைப்படவில்லை. 1991லிருந்து 2004 வரை செவர்லே பாறையைப் போன்ற உறுதி என்ற பொருளில், டெட்ராய்ட் பகுதிக்காரரான பாப் சீகரின் பாட்டை வைத்து ஒரே தொடராக விளம்பரம் செய்தது. வைக்கோல் கட்டு, வெல்டிங் பொறி, புழுதி ரோடு, அப்பாவும் மகனும். ஃபோர்டுக்கு 'பில்ட் ஃபோர்டு டஃப்' (ஃபோர்டுக்கே உரிய உறுதியோடு செய்தது), கூடவே 1977லிருந்து அதிகம் விற்கும் டிரக் என்ற பெருமை. நீ அப்பனுக்குப் பிள்ளை என்றால் இதைத்தான் ஓட்டுவாய் என்பதுதான் அடியில் ஓடும் செய்தி. இங்கே செவி (செவர்லே) குடும்பம், ஃபோர்டு குடும்பம் என்றே சொல்லிக்கொள்வார்கள். நம் ஊரில் பரம்பரையாக ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வீடு மாதிரி.

நேர்மையாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஜப்பானியர்கள் கொண்டுவந்த பெரிய டிரக் உண்மையிலேயே போதாததுதான். 1990களின் தொடக்கத்தில் டொயோட்டா டி100 என்று ஒன்றை இறக்கியது. ஜப்பானில் செய்து, 25 சதவீத வரியும் கட்டி வந்த வண்டி. உடம்பு முழு அளவுக்குக் கொஞ்சம் குறைவு, எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின் கிடையாது. குதிரைகளை ஏற்றிய டிரெய்லரும் படகும் இழுக்கிறவன் அதை ஏன் வாங்க வேண்டும்? அவன் வேண்டாம் என்றதைத் தப்பெண்ணம் என்று சொல்ல மாட்டேன், கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. டொயோட்டாவும் பாடம் படித்தது. 1999ல் இந்தியானாவின் பிரின்ஸ்டனில் டண்ட்ரா தயாராகத் தொடங்கியது, வி8 எஞ்சினோடு. அதற்கு முதலில் டி150 என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள், எஃப்-150 என்ற டிரக்கை வைத்திருந்த ஃபோர்டு சும்மா இருக்கவில்லை. பெயர் மாறியது.

பெரிய மோதல் 2006, 2007ல். டெக்சாஸ் பிக்கப் டிரக்கின் தலைநகரம் மாதிரி. அங்கே சான் ஆன்டோனியோவில் டொயோட்டா 128 கோடி டாலர் போட்டு ஆலை கட்டியது. முழு அளவு டண்ட்ரா அங்கிருந்து வெளிவரும் நேரத்தில் செவர்லேயும் தன் பெரிய டிரக்கான சில்வராடோவைப் புதிதாக இறக்கியது. இரண்டு பேரின் விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செவர்லேயின் படத்தில் ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங், வியட்நாம் போர், கத்ரீனா வெள்ளம், நியூயார்க் கோபுரங்கள் இருந்த இடத்தில் எழுந்த ஒளிக்கம்பங்கள். பின்னால் ஜான் மெல்லன்கேம்ப் இது நம் நாடு என்று பாடுகிறார். எல்லாம் முடிந்து கடைசியில் டிரக். ஒரு நாட்டின் காயங்களையெல்லாம் வரிசையாகக் காட்டிவிட்டு டிரக் விற்பது எனக்கு அருவருப்பாக இருந்தது. அமெரிக்கர்களிலேயே நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள்.

டொயோட்டாவின் படத்தில் கதையே கிடையாது. வெட்டவெளியில் எஃகால் ஒரு ராட்சத ஏற்ற இறக்கப் பலகை, குழந்தைகள் விளையாடுவது போன்றது. டண்ட்ரா கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு அதன் மேல் ஏறுகிறது. பலகை மறுபக்கம் சாய்கிறது. வண்டி பிரேக் போட்டுக்கொண்டே இறங்குகிறது. அவ்வளவுதான். 2007 சூப்பர் பௌலில் வந்தது. சொந்தக் கதை சொல்ல உரிமை இல்லாதவன் பரீட்சை எழுதித்தான் காட்ட வேண்டும் என்பது போல இருந்தது எனக்கு. 2012ல் எண்டவர் விண்வெளி ஓடத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது லாஸ் ஏஞ்சலஸின் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் டண்ட்ராவை வைத்து இழுத்துக் காட்டியதும் இன்னொரு பரீட்சைதான். வெளியிலிருந்து வந்த யாருக்கும் இந்த நிலை புரியும்.

2007ல் டண்ட்ரா 2 லட்சத்தை நெருங்கி விற்றது. ஃபோர்டின் எஃப்-சீரிஸ் டிரக்குகள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 2008ல் பெட்ரோல் விலை ஏறி எல்லா டிரக்கும் படுத்தது. சான் ஆன்டோனியோ ஆலையை மூன்று மாதம் நிறுத்தினார்கள். நிரந்தரத் தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பவில்லை, சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் பராமரிப்பு வேலையும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 23ல், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில் ஆலையிலும் ஒஹாயோவின் மொரெய்ன் ஆலையிலும் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஒருவர் கையில் பணம் இருந்தது, இன்னொருவர் திவாலாகும் விளிம்பில் இருந்தார், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஜேன்ஸ்வில்லில் கடைசி ஷிஃப்ட் முடித்துப் போனவர்களுக்கு "இது நம் நாடு" பாட்டு எப்படிக் கேட்டிருக்கும்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு டிரக் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பனிக்காலத்தில் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனிதர். அவரிடம் இதைப் பேசினால் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "உங்கள் டெக்சாஸ் ஆலையில் சங்கம் இருக்கிறதா?" என்பார். இல்லை. நிசான் டென்னசியின் ஸ்மிர்னாவில் 1983ல் முதல் பிக்கப்பைச் செய்ததிலிருந்து ஜப்பானியக் கம்பெனிகள் பெரும்பாலும் சங்கம் வலுவில்லாத தென்மாநிலங்களாகப் பார்த்துத்தான் போயின. அவர் மனைவியின் ஆபரேஷன் செலவு, அவருடைய ஓய்வூதியம் எல்லாம் சங்கம் போட்ட ஒப்பந்தத்தால் வந்தது. இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அதற்கும் நாட்டுக்கும் முடிச்சுப் போட முடியாது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல் மூடிய ஆலையை, 1984ல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்தார்கள். அதே சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். அவர்கள் கையால் 2010 வரை டொயோட்டா பிக்கப் வந்தது. இன்றைக்கு அது டெஸ்லா ஆலை, சங்கம் இல்லை.

எது எங்கே செய்தது என்று பார்க்க விளம்பரம் தேவையில்லை. ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், இருக்கும். 1, 4, 5ல் தொடங்கினால் அமெரிக்காவில் பூட்டியது. 2 கனடா, 3 மெக்சிகோ. ஒரு நாள் பெரியவரோடு கடை வாசலில் நின்றிருந்த டிரக்குகளைப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு சில்வராடோ 3 என்று தொடங்கியது. செவர்லே மெக்சிகோவின் சிலாவோவிலும் அதைச் செய்கிறது. பக்கத்தில் நின்ற டண்ட்ரா 5. டகோமா ஒன்று 3, டொயோட்டாவும் அந்த வண்டியை மெக்சிகோவுக்கு நகர்த்திவிட்டது. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, "எல்லாரும் ஒரே குட்டையில் ஊறினவங்கதான்" என்று பொருள்படும்படி ஏதோ சொன்னார். அவருக்கு மிகப் பிடித்த கனரக சில்வராடோவின் டியூராமேக்ஸ் டீசல் எஞ்சின், ஜெனரல் மோட்டார்ஸும் இசுசுவும் சேர்ந்து ஒஹாயோவில் தொடங்கிய கூட்டு நிறுவனத்திலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். "அது நல்ல எஞ்சின்" என்றார். நல்ல எஞ்சின்தான்.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. டொயோட்டா, ஹோண்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அமெரிக்க வண்டி பக்கமே போகாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். டகோமா, டண்ட்ராவின் சேஸி துருப்பிடித்து டொயோட்டா பெரும் தொகைக்குச் சமரசம் செய்ய வேண்டி வந்தது. 2024ல் புது டண்ட்ராவின் எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கிவிட்டதென்று ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இதைச் சொன்னால் காதில் வாங்காமல் போகிற தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் அதே வியாதி.

கடைசியாக, எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிற ஒன்று. 25 வயது கடந்த வெளிநாட்டு வண்டிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வழியில் சுசுகி கேரி, ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பார் என்று ஜப்பானின் குட்டி டிரக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்டியரிங் வலது பக்கம். தொட்டியின் மூன்று பக்கப் பலகையும் கீழே மடியும், தரையிலிருந்து கை எட்டும் உயரம், தீவன மூட்டையைத் தூக்கிப் போட முதுகு வளைய வேண்டாம். வாங்குகிறவர்களில் பலர் விவசாயிகள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள், அந்த ராம் விளம்பரம் யாரைப் புகழ்ந்ததோ அவர்களேதான். இந்த வண்டிகளுக்காக அமெரிக்கத் தொலைக்காட்சியில் யாரும் பாட்டுப் போடவில்லை. பல மாநிலங்கள் இவற்றுக்குப் பதிவு தர மறுத்தபோது சொந்தக்காரர்கள் ஒன்று சேர்ந்து மனு எழுதினார்கள், அதிகாரிகளைத் தேடிப் போய்ப் பேசினார்கள். 2024ல் டெக்சாஸ் இறங்கிவந்து பதிவு கொடுக்கத் தொடங்கியது.